குறியேற்ற மாற்றமும் தரவு வகையும்

குறியேற்ற மாற்றம் என்பது ஒரு முறைப்படி எண்களாகச் சேமித்த எழுத்துகளை வேறொரு முறைக்குக் கொண்டுசெல்லும் மென்பொருள் வேலை. இந்த எண்ணுக்கு அந்த எண் என்று ஓர் அட்டவணை இருந்தால் போதும் என்றே பலரும் கருதுவர். தமிழ்க் கணிமையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அட்டவணையை யாரும் எழுதிவிடலாம். கையிலிருக்கும் எண் வரிசை எந்த வகையைச் சேர்ந்தது என்ற செய்தியைத் தரவோடு சேர்த்தே வைத்திருப்பதுதான் கடினம். அது விடுபட்ட இடங்களில் அட்டவணை சரியாக இருந்தும் விடை தவறியது.

1991இல் இந்தியத் தர நிறுவனம் ஏற்ற இஸ்கி முறை இதற்கு முதல் சான்று. அதில் இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் எண்கள் பொது: தமிழ்க் ககரமும் மலையாளக் ககரமும் 179தான். எந்த எழுத்தாகக் காட்டுவது என்பதை 239 என்ற குறியும் அதையடுத்து வரும் குறியும் சொல்லும். அந்தக் குறிகள் தொலைந்தால், 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாடு–கேரள எல்லையின் இருபுறமும் நிற்கும் களியக்காவிளையிலும் பாறசாலையிலும் ஒரே கோப்பு இரு மொழியாகத் திறக்கும். யூனிகோடு இரண்டுக்கும் தனித்தனி இடம் தந்தது, ஆனால் இஸ்கியின் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழ்க் ககரம் 2965, மலையாளக் ககரம் 3349. ழகரம் 2996, 3380. இடைவெளி எங்கும் 384. மலையாளத்தைத் தமிழாக்க அதைக் கழித்தால் போதுமே என்று தோன்றும். எல்லையோர ஊர்ப்பெயர்களில் கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும். மலையாளத்தில் பாறசாலையின் நடுவிலுள்ள இரட்டைச் சகரம் 'ஶ'வாக மாறும்; அந்த எழுத்து யூனிகோட்டின் தமிழ்ப் பகுதிக்கு வந்ததே 2005இல்தான். அதுவரை அந்த இடம் வெற்றுக் கட்டம். நெய்யாற்றின்கரையின் னகரச் சில்லெழுத்து (தனி வடிவில் மெய்யாக நிற்கும் மலையாள எழுத்து) இன்றும் வெற்றுக் கட்டத்தில்தான் விழும். ணகரச் சில்லெழுத்தின் கதை இன்னும் வேடிக்கை: அது 'எண்' என்பதைக் குறிக்கும் தமிழ்ச் சுருக்கக் குறியாகிவிடும். கணக்கில் பிழையில்லை, எண் ஒன்று, எழுத்து வேறு என்பதை நிரல் அறியவில்லை.

தமிழுக்குள்ளேயே குழப்பம் இதைவிடப் பெரிது. 1990களில் நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் முறைகளை அறிவித்தது. இணையத்தில் திஸ்கி பரவியது. ஈழத்தவரிடையே பாமினி வேரூன்றியது. இவற்றில் பல, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தவை. 'கெ'யில் கொம்பு முன்னே, ககரம் பின்னே. யூனிகோடு ஒலி வரிசையைப் பின்பற்றுவதால் மாற்றி நிரல் அதைத் திருப்பிப் போட வேண்டும். பாமினியில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறி. எனவே கொம்பு, தகரம், ளகரம் என்று வருவது 'தௌ'வா, 'தெள'வா? அவசரக்கார மாற்றி 'தெளிவு' என்பதைத் 'தௌிவு' ஆக்கிவிடும். அடுத்து வரும் குறி உயிர்க்குறியானால் முன்னது ளகரமே என்ற விதியை அட்டவணையால் சொல்ல முடியாது. மெய், உயிர்க்குறி, கொம்பு எனக் குறிகளை இனம் பிரித்து வைத்த நிரலால் முடியும்.

முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் இந்த வரலாறு முழுதும் படிந்திருக்கிறது. அதிலுள்ள மாற்றிப் பகுதி இருபதுக்கும் மேற்பட்ட பழைய முறைகளை யூனிகோடாக்கும். பல முறைகளின் பெயர்கள் இதழ்களின் பெயர்களே. முறை தெரியாத உரைக்குத் தானே ஊகிக்கும் செயற்கூறும் உண்டு; ஒவ்வொரு முறைக்கும் மட்டுமே உரிய குறிகளைத் தேடி அது முடிவெடுக்கிறது. அப்படியிருக்க வகையை எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். நீண்ட கட்டுரைக்கு ஊகம் பலிக்கும். வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் ஒரு கட்டத்தில் இருப்பது ஒரே பெயர். நாலு எழுத்தில் தனிக்குறி எதுவும் அகப்படாமல் போகலாம். அங்கே ஊகிப்பதற்கு எதுவும் இல்லை.

பைத்தான் மொழியும் இதே பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. அதன் இரண்டாம் பதிப்பில் பைட்டுத் தொடரையும் எழுத்துத் தொடரையும் ஒட்டிவிட முடிந்தது; ஆங்கிலத்துக்கு அது வலிக்கவில்லை, தமிழுக்கு ஓடும்போது உடைந்தது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டையும் வேறு வேறு வகையாக்கி, கலந்தால் உடனே பிழை காட்டியது. 2018இல் 3.7 பதிப்பு தந்த தரவு வகுப்புகளால் உரை, அதன் குறியேற்றம், எழுத்துமுறை மூன்றையும் பெயரிட்ட புலங்களாக ஒரே பொருளில் கட்டிவைப்பது சில வரி வேலையாயிற்று. புலங்களுக்கு எழுதும் வகைக் குறிப்பை ஓடும்போது பைத்தான் சரிபார்ப்பதில்லை என்பது உண்மையே; சோதனையை நிரலர்தான் சேர்க்க வேண்டும்.

யூனிகோடு வென்றுவிட்ட பின் இவையெல்லாம் பழங்கதை என்போர் உண்டு. புதிதாகத் தட்டச்சு செய்வதற்கு அது சரி. பழைய எழுத்துருக்களில் கிடக்கும் இதழ்களும் நூல்களும் அப்படியேதான் இருக்கின்றன. வகை தெரிந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மலையாளம் 'சால', 'கர' என்று முடிக்கும் ஊர்ப்பெயரைத் தமிழ் 'சாலை', 'கரை' என்று முடிக்கிறது. அந்த ஐகார வேறுபாட்டை எந்தக் குறியேற்றமும் சொல்லாது. அதற்கு இருமொழி ஊர்ப்பெயர்ப் பட்டியல் வேண்டும். இது எழுத்து மாற்றமல்ல, பெயர் மாற்றம் என்று நிரலுக்குச் சொல்ல இன்னொரு வகையும் வேண்டும்.