உட்ஸ்டாக் இசை விழாவும் வரலாற்றுச் சான்றும்

ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்தபின் அதைப் பற்றிய சான்றுகளே எஞ்சுகின்றன. சான்று காட்டுவதையே பிற்காலத்தார் வரலாறு எனக் கொள்கின்றனர். சான்றில் இடம் பெறாதது, எத்துணைப் பெரிதாயினும், மெல்ல மறைந்து போகின்றது. இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய உண்மை அன்று. இலட்சக்கணக்கானோர் கண்ணாரக் கண்ட ஓர் இசை விழாவின் வரலாற்றிலும் இதனைத் தெளிவாகக் காணலாம். 1969ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உட்ஸ்டாக் விழாவே அது.

விழா நடந்த விதம்

பெயர் உட்ஸ்டாக் ஆயினும் விழா அவ்வூரில் நடைபெறவில்லை. நியூயார்க் மாநிலத்தில் வால்கில் என்னும் ஊரில் நடத்தத் திட்டமிட்டிருந்தனர். ஜூலைத் திங்களில் அவ்வூரார் இசைவு மறுத்தனர். பின்னர், பெத்தல் என்னும் ஊரில் மாக்ஸ் யாஸ்கர் என்னும் பால் பண்ணையாளர் தம் நிலத்தை வாடகைக்குக் கொடுத்தார். 50,000 பேர் வருவர் என்று ஊர் அதிகாரிகளிடம் கூறப்பட்டது. வந்தவரோ 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என மதிப்பிடுவர். வேலி அடைத்து முடிக்குமுன்னரே கூட்டம் நிறைந்துவிட்டமையால் நுழைவுக் கட்டணம் கைவிடப்பட்டது. சாலைகள் அடைபட்டன, கலைஞர்களே வந்து சேர இயலவில்லை.

ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை, முதலில் பாட வேண்டியவர்கள் வராமையால் ரிச்சி ஹேவன்ஸ் என்பவர் கித்தாருடன் மேடையேறினார். தாம் அறிந்த பாட்டெல்லாம் தீர்ந்த பின்னர், பழைய பக்திப் பாடல் ஒன்றைத் துணையாகக் கொண்டு, ‘விடுதலை’ என்னும் பொருள்படும் ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பாடி மேடையிலேயே ஒரு புதுப்பாட்டை ஆக்கினார்.

அவருக்குப் பின் தொடக்க உரை ஆற்றியவர் ஒரு தமிழர். அவர் சுவாமி சச்சிதானந்தர். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். அவருடைய குரு சுவாமி சிவானந்தர். துறவு பூணுமுன் சிவானந்தர் மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றியதை மலேசியத் தமிழர் பலரும் அறிவர்.

திரையில் இடம் பெறாதவர்

அக்காலத்தில் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றிருந்த ராக் இசைக்குழுக்களுள் ஒன்று கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். இவ்விழாவுக்கு முதன்முதலில் உடன்பட்ட பெரிய குழு அதுவே. சனிக்கிழமை இரவில், கிரேட்ஃபுல் டெட் என்னும் குழுவை அடுத்து அதற்கு இடம் அளித்திருந்தனர். மழையில் நனைந்த மேடையில் மின்னோட்டம் கசிந்தது. டெட் குழுவினர் கித்தாரைத் தொடும்போதெல்லாம் மின்னதிர்ச்சிக்கு ஆளாயினர். அவர்கள் நிகழ்ச்சி தடைப்பட்டுத் தடைப்பட்டு நீண்டது. கிரீடன்ஸ் குழு மேடையேறியபோது நள்ளிரவு கடந்துவிட்டது. கூட்டத்தில் பெரும்பாலோர் சேற்றிலேயே உறங்கிக் கிடந்தனர்.

விழாவை ஆவணப்படமாக எடுத்தவர்கள் பின்னர் இசைவு கேட்டபோது, அக்குழுவின் தலைவர் ஜான் ஃபோகர்ட்டி மறுத்துவிட்டார். அன்றைய இசை தம் குழுவின் தகுதிக்கு ஏற்றதன்று என்பது அவர் கருத்து. அதனால், படத்தின் வாயிலாக விழாவை அறிந்த மக்களுள் பலர், அக்குழு அங்கே பாடியதையே அறியாராயினர். அவ்விரவின் முழு ஒலிப்பதிவு 2019இல், அதாவது 50 ஆண்டுகள் கழித்தே, தனி இசைத்தட்டாக வெளிவந்தது. அதனைக் கேட்போர் ஃபோகர்ட்டியின் தீர்ப்பு கடுமையானது என்றே எண்ணுவர். பாட்டில் குறைவில்லை, கேட்பாரே இல்லை.

இதற்கு மாறானது சான்டானா குழுவின் கதை. அதன் முதல் இசைத்தட்டுக் கூட அப்போது வெளிவரவில்லை. சனிக்கிழமை பிற்பகலில், நல்ல வெளிச்சத்தில், விழித்திருந்த கூட்டத்தின் முன் அது வாசித்தது. அக்குழுவில் தாளக் கருவிகளை முழக்கிய மைக்கேல் ஷ்ரீவுக்கு அப்போது வயது 20. படம் அவ்வாசிப்பை உலகெங்கும் கொண்டு சென்றது. குழுவின் புகழும் உடன் சென்றது.

காலையில் ஒலித்த நாட்டுப்பண்

விழாவின் கொடுமுடியாக இன்று எல்லாரும் கூறுவது ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வாசிப்பு. அவர் ஞாயிறு இரவே விழாவை நிறைவு செய்திருக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் பெய்த பெருமழையால் நிகழ்ச்சிகள் பின்தள்ளப்பட்டன. அவர் மேடையேறியது 18ஆம் நாள் திங்கட்கிழமை காலை 9 மணியளவில். அதற்குள் மக்கள் வேலைக்கும் வீட்டுக்கும் புறப்பட்டுவிட்டனர். எஞ்சியிருந்தோர் சில பதினாயிரவரே.

அவர்முன் அமெரிக்க நாட்டுப்பண்ணை மின்கித்தாரில் வாசித்தார் ஹென்ட்ரிக்ஸ். இடையிடையே குண்டு வீழ்வது போலவும் மக்கள் அலறுவது போலவும் கித்தாரை ஒலிக்கச் செய்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரும் வான்குடைப் படையில் பணிபுரிந்தவரே. பண்ணை இழிவுபடுத்தினார் என்று சிலரும், போரின் கொடுமையை உணர்த்தினார் என்று சிலரும் கூறினர். அவரோ, அது தமக்கு அழகாகவே தோன்றியது என்றார். விழாவுக்கு வந்தவருள் மிகப் பெரும்பாலோர் கேளாத இவ்வாசிப்பே, படம் வந்தபின் விழா முழுமைக்கும் அடையாளம் ஆயிற்று.

படமும் பாட்டும்

மைக்கேல் வாட்லி இயக்கிய அப்படம் 1970 மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. மூன்று மணி நேரம் ஓடுவது. சிறந்த ஆவணப்படத்துக்குரிய ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஆயினும் நிகழ்ந்த வரிசையில் அது அமையவில்லை. ஷா நா நா என்னும் குழு ஹென்ட்ரிக்ஸுக்குச் சற்றுமுன், திங்கட்கிழமை காலையில் பாடியது. படத்திலோ, ஞாயிறு பிற்பகலில் பாடிய ஜோ காக்கருக்கும் முன்னதாக அது தோன்றுகிறது.

விழாவைப் போற்றும் புகழ்பெற்ற பாடலை இயற்றிய ஜோனி மிட்செல் விழாவுக்கே செல்லவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்குகொள்ள வேண்டியிருந்தமையால் நியூயார்க் நகரிலேயே தங்கிவிட்டார். சென்றவர் கூறியவற்றையும் செய்திகளையும் கொண்டே அவர் அதனை எழுதினார்.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

படம் பொய் கூறிற்று என்பதன்று இதன் பொருள். அது காட்டியவை யாவும் நிகழ்ந்தவையே. ஆனால், யாரைக் காட்டுவது என்பதைப் படம் எடுத்தோர் முடிவு செய்தனர். சிலர் தாமே விலகினர். சிலரை இருளும் மழையும் மறைத்தன. மன்னர்களின் மெய்க்கீர்த்தி வெற்றிகளைப் பாடுமேயன்றித் தோல்விகளைப் பாடாது என்று மாணவர்க்கு உணர்த்துகிறோம். திரைப்படத்துக்கும் அதே விதி பொருந்தும்.

ஆதலால் எச்சான்றைக் கையில் எடுத்தாலும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இதனைச் செய்தவர் யார்? எதனைச் சேர்த்தார்? எதனை விட்டார்? மூன்றாம் கேள்விக்கு விடை காண்பதே கடினம். விடுபட்டது கண்ணுக்குத் தெரியாது. 2019இல் விழாவின் ஒலிப்பதிவுகள் ஏறக்குறைய முழுமையாக 38 இசைத்தட்டுகளில் வெளிவந்தன. உறங்கிய கூட்டத்தின் முன் நள்ளிரவில் பாடியோர்க்கு அதன்பின்னரே வரலாற்றில் உரிய இடம் கிடைத்தது. அத்தகைய இரண்டாம் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை.