கடலாடப் போன இரு நகரங்கள்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வன்னியம்பட்டியில் எழுந்தால் அது பெரும்பாலும் குற்றாலச் சாரலில் முடியும்; கடல்தான் வேண்டுமென்றால் திருச்செந்தூர். இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்கே மலையைப் பார்த்தே வாழ்பவர்களுக்குக் கடல் எப்போதும் ஒரு பயணம். இப்போது பிள்ளைகள் அயல்நாடுகளில் பணிபுரிவதால் பெற்றோரின் விடுமுறைத் திட்டத்தில் இத்தாலியும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. நேபிள்ஸ் வளைகுடா என்றதும் பயண நிறுவனங்கள் கேப்ரித் தீவையும் சொரெண்டோவையும் காட்டும். அத்திட்டத்தில் இரண்டு நாள்களை மட்டும் ஒதுக்கி, பொட்சுவோலி, பாயா என்ற இரண்டு சிற்றூர்களுக்குப் போய்வர வேண்டும் என்பேன். இரண்டாவது ஊரின் பெயர் நமக்கு ஆட்டுக்காலை நினைவூட்டலாம். வரலாறு நினைவூட்டுவதோ மிளகை.

உரோமப் பேரரசின் முதன்மையான கடற்கரை உல்லாச நகரம் பாயா. கந்தக வெந்நீர் ஊற்றுகளும் இதமான காற்றும் செல்வர்களை அங்கே இழுத்தன. யூலியஸ் சீசருக்கும் நீரோவுக்கும் அங்கே மாளிகைகள் இருந்தன. பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 138-இல் இறந்ததும் அங்கேதான். தத்துவஞானி செனெக்கா அவ்வூருக்குப் போய் மறுநாளே திரும்பிவிட்டதாக நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். கரையில் குடித்துத் தள்ளாடுவோரும், படகுகளில் ஆட்டபாட்டமும் அவருக்குப் பொறுக்கவில்லை. விடுமுறை நகரங்களைப் பற்றிய சலிப்புக்கு இரண்டாயிரம் ஆண்டு வயதாகிறது!

பாயாவுக்கு அருகிலேயே இருக்கும் பொட்சுவோலி அன்று பெருந்துறைமுகம். அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்களைக் காண மக்கள் துறையில் திரண்டு நிற்பதை அதே செனெக்கா இன்னொரு கடிதத்தில் வருணிக்கிறார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு முசிறியில் மரக்கலம் ஏறி, செங்கடல் துறைகளில் இறங்கி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் நதி வழியாக அலெக்சாந்திரியாவை அடைந்தது. செங்கடல் துறையான பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. இன்னொரு துறையான குசைர் அல் கதீமில் தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அரசரோ புலவரோ அல்லர் இவற்றில் இருப்பவர்கள். கணன், சாதன் என்னும் சாதாரண மனிதர்களின் பெயர்கள் அவை.

இந்த வணிகத்தைக் கண்டு வயிறெரிந்தவர் பிளினி. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிவிடுகிறது என்றும், காரத்தைத் தவிர வேறொன்றுமில்லாத மிளகை எதற்காக விரும்புகிறார்கள் என்றும் தம் நூலில் குறைபட்டுக்கொண்டார். கருமிளகு ஒரு இறாத்தல் நான்கு தினாரம் என்று விலையையும் குறித்துவைத்தார். பாயாவை அடுத்த மிசேனத்துக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் அவர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, கரையில் சிக்கியவர்களை மீட்கப் போன அவர் அங்கேயே உயிர்நீத்தார். அவ்வெடிப்பில் புதைந்த பொம்பெயியில் 1938-இல் இந்தியத் தந்தப் பாவை ஒன்று வெளிப்பட்டது. இன்று அது நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது தக்காணத்துக் கைவேலை என்பதே அறிஞர் பலரின் கருத்து. நம் ஊர்ப் பொருள் என்று உரிமை கொண்டாடத் துடிப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

அதே நூற்றாண்டுகளில் நம் கடற்கரையில் என்ன நடந்தது? பட்டினப்பாலையைப் புரட்டினால், முழுமதி நாளில் மீன்பிடிக்கப் போகாத பரதவர், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் களிக்கிறார்கள். கடலில் நீராடிவிட்டு, உப்புப் போக நன்னீரிலும் குளிக்கிறார்கள். உழைப்பவர்களின் விடுமுறையை இவ்வளவு பரிவோடு பாடிய பழம்பாடல்கள் உலகில் அதிகம் இரா. சிலப்பதிகாரத்திலோ இந்திரவிழா முடிந்ததும் கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் ஏறிக் கடலாடப் போகிறார்கள். புன்னை நிழலில் திரைகட்டி அமர்ந்து யாழ் மீட்டுகிறார்கள். இன்பச் செலவாகத் தொடங்கிய அது கானல்வரியில் பிரிவாக முடிந்து, மதுரை எரிவது வரை செல்கிறது. செனெக்கா பக்கம் பக்கமாக எச்சரித்ததை இளங்கோ ஒரு பாட்டின் தவறான புரிதலில் காட்டிவிட்டார்.

இரண்டு நகரங்களையும் கடல் கொண்டது. பாயாவின் நிலம் எரிமலை அழுத்தத்தால் மெல்லத் தாழ்ந்து நீருக்குள் போனது. பொட்சுவோலியின் பழைய அங்காடியில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களின் நடுப்பகுதியில் கடல் உயிரிகள் துளைத்த துளைகள் உள்ளன. தரை தாழ்ந்து மீண்டும் எழுந்ததற்கு அவையே சாட்சி. சார்லஸ் லையல் 1830-இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்பில் அத்தூண்களின் படத்தையே வைத்தார். 2002-இல் பாயாவின் கடலடிப் பகுதி தொல்லியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து, மூழ்கிய தெருக்களைப் பார்க்கலாம். பயிற்சியுடையோர் நீந்தியும் பார்க்கலாம். 2005 முதல் அந்நிலம் மறுபடி உயர்ந்துவருகிறது. 2024 மே மாத நிலநடுக்கத்தில் பலர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. எனவே சீட்டு எடுக்குமுன் செய்தியைப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

புகாரின் அழிவுக்கு மணிமேகலை சொல்லும் காரணம் வேறு: மகனைத் தேடித் திரிந்த சோழன் இந்திரவிழாவை மறந்தான், கடல் ஊரைக் கொண்டது. 1960-களில் கீழையூரில் நடந்த அகழாய்வு செங்கல்லால் கட்டிய படகுத்துறையை வெளிக்கொணர்ந்தது. பின்னர் கடலடி ஆய்வுகளும் நடந்தன. ஆனால் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது செங்கல் துறையன்று. பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை என்னும் நிறுவப்படாத முழக்கமே. பாயாவுக்குப் பெருமை சேர்த்தது அதன் வயதன்று. மூழ்கிய ஒவ்வொரு சுவரையும் அளந்து, வரைந்து, பார்க்க வருபவனுக்கு விளக்கிய பொறுமைதான். நமக்குக் குறைவது பழமையன்று, அந்தப் பொறுமை.

ஆகவே என் பயணத் திட்டம் எளியது. நேபிள்சுக்குப் போகுமுன் ஒருநாள் பட்டினப்பாலையைக் கையில் எடுத்துக்கொண்டு பூம்புகார் போய்வாருங்கள். கீழையூர்த் துறையையும் தவறாமல் பாருங்கள். பிறகு பாயாவில் படகு ஏறும்போது, கண்ணாடிக்குக் கீழே தெரியும் தளவரிசையில் யார் வீட்டு மிளகு இடிபட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.