கட்டிய காலும் நடக்கும் காலும்

கொல்லையில் நட்ட கன்று கோணி வளரக் கண்டால், அதனருகே நேரான கழியொன்றை ஊன்றிக் கயிற்றால் பிணைத்து வைப்பது நம்மவர் வழக்கம். இதே காட்சியைத்தான் மேனாட்டு எலும்பு மருத்துவர் தம் துறைக்குச் சின்னமாகக் கொண்டிருக்கின்றனர் என்பதை நம் வாசகரிற் பலர் அறிந்திரார். 1741ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் நிக்கோலா ஆந்திரி என்பார், எண்பதைக் கடந்த முதுமையில், குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்தும் முறைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளைந்த மரமொன்று கழியோடு கட்டப்பட்டிருக்கும் படம் அந்நூலில் இருந்தது. அத்துறைக்கு ‘ஆர்த்தோபீடியா’ என்று பெயரிட்டவரும் அவரே. நேர் என்றும் குழந்தை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. இன்று நம் பாட்டிமார் முழங்கால் வலிக்குத் தேடிச் செல்லும் மருத்துவரின் பட்டத்தில் ஒரு குழந்தை மறைந்திருப்பது வேடிக்கைதான்.

படம் அழகியது, ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. மரம் நடப்பதில்லை. நின்றவிடத்தில் நேராக நின்றால் அதற்குப் போதும். குழந்தைக்கோ காலென்பது நிற்பதற்கு மட்டுமன்று. ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்வதற்கு. இந்த வேற்றுமையை மருத்துவ உலகம் நன்குணர இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. மூளை முடக்குவாதமுற்ற பிள்ளைகளின் கால்களிற் பூட்டப்பட்ட தாங்கிகளின் சரித்திரம், அப்பிழை சிறிது சிறிதாகத் திருந்திய சரித்திரமே. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று இப்பிள்ளைகளின் பெற்றோரிடமே சொல்லுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஒழுக்கத்துக்குச் சொன்ன பழமொழியைத் தசைநாருக்குச் சொல்லுவது என்ன அறிவோ!

இந்நோயை முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் நகரத்து வில்லியம் ஜான் லிட்டில். 1810இல் பிறந்த அவருக்குச் சிறு வயதிலேயே நோயினால் ஒரு பாதம் கோணிப்போயிற்று. 1836இல் ஜெர்மனியில் ஹனோவர் நகருக்குச் சென்று, ஸ்ட்ரோமையர் என்னும் அறுவை மருத்துவரிடம் குதிகால் தசைநாணை வெட்டித் தளர்த்திக் கொண்டு பாதம் திருந்தித் திரும்பினார். சில ஆண்டுகளுக்குள் லண்டனில் அத்தகைய நோயாளருக்கென ஓர் ஆஸ்பத்திரியையும் தொடங்கினார். 1861ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்நகரத்துப் பிரசவ மருத்துவச் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையில், கால்கள் விறைத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசி, நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகளை எடுத்துக்காட்டி, பிரசவ காலத்துத் துன்பமும் மூச்சுத் திணறலும் குறைமாதப் பிறப்புமே அதற்குக் காரணம் என்றார். நெடுங்காலம் அந்நோய்க்கு ‘லிட்டிலின் நோய்’ என்றே பெயர்.

மன ஆராய்ச்சியாற் பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்ட், 1897இல் இதை மறுத்தார். கருவிலேயே மூளைக்கு ஊறு நேர்ந்திருக்கலாம். கடினமான பிரசவம் அதன் விளைவாகவும் இருக்கலாம் என்பது அவர் வாதம். அதை அக்காலத்தார் பெரிதாக எண்ணவில்லை. 1986இல் அமெரிக்காவில் கேரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பர்க் என்னும் இருவர், பல்லாயிரம் கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த பதிவுகளை ஆராய்ந்து, பிரசவத்தின் போது நேரும் மூச்சுத் திணறல் சிறு பங்குக்கே காரணம் என்று காட்டினர். இதனை நாம் ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம்மவரிடையே இத்தகைய பிள்ளை பிறந்தால், தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பர்; மருத்துவச்சியின் கை சரியில்லை என்பர்; ஒன்றும் அகப்படாவிடில் முன்வினை என்பர். ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய இரண்டு என்ற அளவில், எல்லாத் தேசத்திலும் எல்லாச் சாதியிலும் இந்நோய் காணப்படுகிறது. கிரகணம் பார்த்து வருவதன்று அது. பச்சிளங்குழந்தையின் கடும் மஞ்சட்காமாலையைக் கவனியாது விடுவதும் ஒருவகை முடக்குவாதத்துக்குக் காரணமாகும் என்பதை மட்டும் தாய்மார் மறவாதிருத்தல் நலம்.

இனித் தாங்கிகளின் கதைக்கு வருவோம். இந்நோயில் ஊறு மூளையில், காலில் அன்று. மூளையின் ஊறு வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது. விறைத்த தசை எலும்போடு சமமாக நீளாமையால், ஆண்டுதோறும் குதிகால் மேலெழுகிறது, முழங்கால் மடிகிறது. இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோவிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே தசை சோர்ந்து துவண்டு கிடக்கும். துவண்ட காலுக்கு இரும்புச் சட்டமும் தோல்வாரும் பூட்டினால் அது தூண்போல் நிற்கும். அந்த இரும்பையே, துவளாது விறைத்த காலுக்கும் பூட்டினர். கொல்லனுக்குத் தெரிந்த காலிப்பர் ஒன்றே, நோய்கள் இரண்டு. விறைத்த தசை இரும்போடு போராடிற்று, தோல் புண்பட்டது, பிள்ளை அழுதது. நேராக நிற்கிறான் என்று பெற்றோர் மகிழ்ந்தனர். நடந்தானா என்று கேட்டவர் சிலரே.

அமெரிக்காவிற் பால்டிமோர் நகரை அடுத்து, 1937இல் வின்த்ரோப் பெல்ப்ஸ் என்னும் மருத்துவர் இப்பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் அமைத்தார். இவர்களைப் பயிற்றலாம், கல்வி கற்பிக்கலாம் என்று உலகறியச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆனால் அவரும் இடுப்பு முதல் பாதம் வரை பூட்டும் தாங்கிகளில் மிக்க நம்பிக்கை வைத்திருந்தார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி லண்டன் சேர்ந்த பெர்த்தா போபாத்தும் அவர் கணவர் டாக்டர் கரேல் போபாத்தும் இதற்கு எதிர்க்கொடி தூக்கினர். பூட்டிய கால் அசைவை உணராது. உணராத அசைவை மூளை கற்காது. ஆகலான் இரும்பைக் கழற்றிக் கையால் பயிற்றுங்கள் என்றனர். இரு சாராரும் பிள்ளைகளின் நன்மையையே நாடியவர்கள். எனினும் இரு சாராரும் அளந்து பார்க்கவில்லை என்பதே நம் அபிப்பிராயம். அளப்பதற்குரிய கருவியும் அக்காலத்திற் செவ்வையாக இல்லை. 1880களில் மைபிரிட்ஜ் என்பார் பிலடெல்பியாவில் நோயாளரின் நடையை அடுத்தடுத்து நிழற்படமெடுத்ததே அத்துறையின் வித்து. அது முளைத்து, நடையை அங்குலம் அங்குலமாக அளக்கும் கூடங்களாகப் பயன்பட இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரவேண்டியதாயிற்று.

அதற்குள் இரும்பின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக் கொண்டது. பிள்ளையின் காலிற் சுண்ணக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அவ்வச்சில் சுண்ணம் வார்த்துப் பொய்க்கால் செய்து, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேற் படியவைத்து வெட்டினால், முழங்காலின் கீழ்முதல் விரல்வரை பொருந்தும் ஒரு மெல்லிய கூடு கிடைக்கும். காலுறைக்கு மேல், சப்பாத்துக்குள் அது மறைந்துவிடும். ஆஸ்பத்திரிகளில் ‘ஸ்பிளிண்ட்’ என்று சொல்லக் கேட்கிறோமே, அது பெரும்பாலும் இதுதான்.

இது நடைக்கு என்ன செய்கிறது? நல்ல நடையில் குதிகால் முதலில் தரையைத் தொடும், பாதம் படியும், உடல் அதன்மேற் கடந்து செல்லும், பின்பு முன்பாதம் தரையை உந்தும். நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு முதற்படியே தவறுகிறது. காலைத் தூக்கும்போது விரல்கள் தரையில் உரசித் தடுக்குகின்றன. தாங்கி கணுக்காலைச் செங்கோணத்தில் நிறுத்துவதால் குதிகால் முதலில் ஊன்றுகிறது, விரல் உரசுவதில்லை, அடி நீள்கிறது. நிமிஷத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை சில வேளை குறைந்தாலும், ஓரடிக்குக் கடக்கும் தூரம் கூடுகிறது. பல பிள்ளைகளுக்கு நடப்பதன் களைப்பும் குறைகிறது. ஆனால் கழற்றிவிட்டால் பழைய நடையே பெரும்பாலும் திரும்பும். கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவது போன்றதே இது, குணமாக்கும் மருந்தன்று.

எல்லாக் காலுக்கும் ஒரே தாங்கி என்ற பழைய தவறு இங்கும் வரலாம். கணுக்காலில் கீல் வைத்த தாங்கி, சில பிள்ளைகளுக்குப் படியேறவும் தரையிலிருந்து எழவும் உதவும். முழங்கால் மடிந்து குனிந்து நடக்கும் பிள்ளைக்கு அதே கீல் முழங்காலை இன்னும் மடியவிடும். அவனுக்கு முன்புறம் அடைத்த, முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும் வேறொரு வகை வேண்டும். 1994இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உலகத்துத் தாங்கி வல்லுநர் கூடிப் பழைய ஆராய்ச்சிகளை அலசியபோது, எந்தக் காலுக்கு எந்தத் தாங்கி என்ற விவரமே பலவற்றிற் சரியாக எழுதப்படவில்லை என்று குறைப்பட்டனர். 1997இல் கனடாவில் ஹாமில்டன் நகரத்து அறிஞர்கள் இப்பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து படிகளாக வகுத்த பிறகே, யாருக்கு எதை எதிர்பார்க்கலாம் என்று பேசுவதற்கு ஒரு பொதுமொழி கிடைத்தது. கீழ்ப்படிகளில் உள்ள பிள்ளைகள் தாங்கியினால் நடந்துவிடப் போவதில்லை. அவர்களுக்கு அது நிற்கவும், நாற்காலியிற் செம்மையாக அமரவும், பாதம் கோணாதிருக்கவும் உதவுவது. நடக்க வைத்துவிடுவோம் என்று பணம் பறிப்போரிடம் பெற்றோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்கதை எப்படி நடந்தது? 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து மலேரியாவை ஒடுக்கிய பெருமை உலகறிந்தது. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தோட்டத்து ஆஸ்பத்திரியின் முதல் நோக்கம், படுத்த தொழிலாளியை எழுப்பி வேலைக்காட்டுக்கு அனுப்புவதே. காலைப் பெரட்டுக்கு என்றுமே வரமுடியாத கால்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. அப்பிள்ளைகள் ஆயாக் கொட்டகையின் மூலையிலும் லயத்தின் இருட்டறையிலும் வளர்ந்தனர்.

பின்னரே நகரில் வழிகள் திறந்தன. பிரிக்பீல்ட்ஸில் 1951இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் தோன்றிற்று. பெட்டாலிங் ஜெயாவில் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென ஒரு சங்கமும் பள்ளியும் உண்டாயின. 1960களின் பிற்பாதியில் லெம்பா பந்தாயில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி எழுந்தது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையத் திட்டம் நாடெங்கும் பரவிற்று. மாற்றுத் திறனாளர் சட்டம் 2008இல் வந்தது. செராஸில் மறுவாழ்வு ஆஸ்பத்திரி 2012இல் திறந்தது. போலியோ 1992க்குப் பின் இந்நாட்டிற் காணப்படாமல், 2019 டிசம்பரில் சபாவில் மீண்டும் தலைகாட்டி அடக்கப்பட்டது. ஆகவே இன்று காலிற் தாங்கியோடு ஒரு சிறுவனைக் கண்டு ‘போலியோவா?’ என்று கேட்போரின் கேள்வி முப்பதாண்டு பழையது.

இவ்வளவும் இருந்தும், நம் வீடுகளில் அந்தத் தாங்கி கட்டிலுக்கடியில் கிடப்பதைப் பார்க்கிறோம். காரணம் அலட்சியம் ஒன்றே என்று நாம் நினைக்கவில்லை. தாங்கி சப்பாத்தோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைக்கப்படுவது. நம் வீட்டு வாசலிலோ சப்பாத்துக் கழற்றப்படுகிறது. சம்மணமிட்டு உண்ணவும், குந்தி எழவும் அது இடந்தராது. நம் நாட்டு வெப்பத்தில் உள்ளே வேர்த்துத் தோல் சிவக்கும். தாங்கியணிந்த காலுக்குப் பெரிய சப்பாத்து வேண்டுமாகையால், ஒரு பக்கம் மட்டும் நோயுற்ற பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றை எறிய வேண்டியிருக்கும். பிள்ளை வளர, அடிக்கடி புதிதாக அச்செடுக்கவும் வேண்டும். அதற்கு ஒருநாள் சம்பளம் போகும். இவற்றைக் கேளாது, ‘ஏன் போடவில்லை?’ என்று தாயை அதட்டுவதில் பயன் யாது? வீட்டுக்குள் மட்டும் அணியத் தனிச் சப்பாத்து ஒன்று வைத்துக் கொள்ளலாம்; பருத்திக் காலுறை மாற்றலாம்; எத்தனை மணி நேரம் அணிவது என்று வைத்தியரிடமே பேசித் தீர்க்கலாம். சிவந்த தடம் அரைமணி நேரத்தில் மறையாவிடில் அடிப்பவரைத் தேடிப்போய்த் திருத்தச் சொல்லலாம்.

கிள்ளானில் அடுக்குமாடி வீடொன்றில் இத்தகைய தாய் ஒருவரை நாம் கண்டோம். ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டபின் குடிபெயர்ந்த குடும்பம். அலமாரியில் சிறிதாகிப்போன தாங்கிகள் மூன்று, வயதுவாரியாக நின்றன. புதுத் தாங்கி வந்த ஒவ்வொரு முறையும், அதை அணிந்தும் அணியாமலும் மகன் தாழ்வாரத்தில் நடப்பதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைத்திருந்தார் அவ்வம்மையார். சென்ற முறை தந்த தாங்கியில் முழங்கால் மடிவதை வைத்தியருக்கு வாயாற் சொல்லி விளங்கவில்லையாம். படத்தைக் காட்டியதும் விளங்கிற்றாம். வேறு வகை செய்து கொடுத்தனர். நாம் விடைபெறும் வேளையில் சிறுவன் பள்ளி விட்டு வந்தான். அவன் வருவதை அந்தத் தாய் கதவைத் திறவாமலே அறிந்தார். தாழ்வாரச் சிமெண்டில் குதிகால் ஊன்றும் ஓசை வந்தது. விரல் தேய்க்கும் ஓசை இல்லை.