காணாமற்போன குழந்தையும் கடந்துபோன மணிநேரமும்

பெற்ற பிள்ளையைக் காணவில்லையென்றால் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சட்டம் போட்டா சொல்ல வேண்டும்? அமெரிக்காவில் அப்படியொரு நிலை ஏற்பட்டது. அதன் வரலாற்றில் ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில், புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரில் கேய்லி அந்தோணி என்னும் இரண்டு வயதுச் சிறுமி கடைசியாகக் காணப்பட்டாள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஜூலை 15ஆம் நாள், அவளுடைய பாட்டிதான் காவல்துறையை அழைத்தார். தாய் கேசி அதுவரை புகார் செய்யவில்லை, விசாரணையிலும் பொய்யுரைத்தார். டிசம்பரில் குழந்தையின் எலும்புகள் கிடைத்தபோது, இறப்பின் காரணத்தைத் திட்டவட்டமாகக் கூற இயலவில்லை. 2011 ஜூலை 5ஆம் நாள் தாய் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். பொய்த்தகவல் தந்த குற்றத்திற்கே தண்டனை பெற்றார்.

மக்கள் கொதித்தனர். ஒரு மாதம் வாய்மூடி இருந்தது குற்றமாகாதா என்று கேட்டு, பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையொப்பமிட்டனர். ‘கேய்லி சட்டம்’ என்னும் பெயர் பிறந்தது. 2012 ஜனவரியில் நியூ ஜெர்சி மாநிலம், குழந்தை காணாமற்போனதை அறிந்த 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்காத பெற்றோரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை இயற்றியது. புளோரிடாவோ நேரக்கெடு விதிக்காமல், பொய்த்தகவல் தருவோருக்கான தண்டனையை உயர்த்தியது.

இச்சட்டங்களைச் சட்ட அறிஞர் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். குற்றம் புரிந்தவர் சட்டத்திற்கு அஞ்சித் தாமே முன்வருவாரா? பதற்றத்தில் உறவினர் வீடுகளில் தேடி அலைந்த அப்பாவிப் பெற்றோர் தண்டிக்கப்படமாட்டார்களா? இக்கேள்விகள் நியாயமானவை. எனக்கு வேறோர் அச்சமும் உண்டு. 24 மணி நேரம் என்று எழுதிவிட்டால், அதுவரை காத்திருக்கலாம் என்று சிலர் பொருள்கொள்ளக்கூடும். காத்திருத்தலின் கேட்டை அந்நாடு முன்பே உணர்ந்திருந்தது. காணாமற்போன குழந்தை பற்றிய புகாரை ஏற்கக் காவல்துறை எவ்விதக் காத்திருப்புக் காலமும் வைக்கக்கூடாது என்று 1990இலேயே கூட்டரசுச் சட்டம் விதித்திருந்தது.

அதற்கும் முந்தைய நிகழ்வொன்று நம் தொழிலைத் தொடுகிறது. 1979 மே 25ஆம் நாள், நியூயார்க்கில் ஈட்டன் பேட்ஸ் என்னும் ஆறு வயதுச் சிறுவன் முதன்முறையாகத் தனியே பள்ளிப் பேருந்து நிறுத்தத்திற்கு நடந்தான், பேருந்தில் ஏறவேயில்லை. அவன் வராததை வகுப்பாசிரியர் கவனித்தார். ஆனால் அச்செய்தி வீட்டை எட்டவில்லை. மாலையில் மகன் திரும்பாதபோதுதான் தாய் அறிந்தார். ஒரு பகற்பொழுது கைநழுவியது. 1983இல் அதிபர் ரீகன் அந்நாளைக் காணாமற்போன குழந்தைகளின் தேசிய நாளாக அறிவித்தார்.

பள்ளி, காவல்துறை, வீடு என எவ்விடத்திலும் தாமதம் நேரலாம். சட்டம் தாமதித்தவரைப் பின்னர் தண்டிக்கும். இழந்த நேரத்தை மீட்டுத் தராது. ஆகவே பெற்றோரே, பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் காலையிலேயே ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். ஆசிரிய நண்பர்களே, தகவலின்றி ஒரு மாணவர் வராவிட்டால் முதல் பாடவேளை முடியுமுன் வீட்டிற்கு அழைப்போம். பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்ற பதில் வந்தால் மகிழ்ச்சியே. வருகைப் பதிவேட்டில் நாம் இடும் சுழியம், ஒரு குழந்தையைத் தேடத் தொடங்கும் முதல் குறியாகவும் இருக்கக்கூடும்.