2,550 லிட்டர் சிறுநீர்: எரித்ரோபொயட்டினின் வரலாறு

1906ஆம் ஆண்டில் பால் கார்னோ, க்ளோதில்ட் தெஃப்லாந்த்ர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள், குருதி வடிக்கப்பட்ட முயலின் சீரத்தை நலமுள்ள முயலுக்குச் செலுத்தினர்; சிவப்பணுக்கள் பெருகின. குருதி ஆக்கத்தைத் தூண்டும் பொருள் உடலிலேயே சுரக்கிறது என்றனர். பிறருடைய சோதனைகளில் அவ்விளைவு உறுதிப்படாமையால் அக்கருத்து நெடுங்காலம் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. 1948இல் பின்லாந்து ஆய்வாளர்கள் அப்பொருளுக்கு எரித்ரோபொயட்டின் எனப் பெயரிட்டனர். அதன் பிறப்பிடம் சிறுநீரகமே என்று 1957இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினர். சிறுநீரகம் பழுதுற்றோர் சோகையாலும் வாடுவதன் காரணம் அப்போதுதான் துலங்கியது.

அவ்வாய்வாளருள் ஒருவரான யூஜின் கோல்ட்வாசர் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். வழி திறந்தவர் ஜப்பானின் தகாஜி மியாகே. எலும்பு மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் உடல் இந்த ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். அவர்களிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைத் திரட்டிச் செறிவாக்கினார். 1977இல் கிடைத்த தூய பொருள் சில மில்லிகிராம் மட்டுமே. அதன் துணைகொண்டு 1983இல் ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ-குவென் லின் உரிய மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1989இல் அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்தடுத்துக் குருதி ஏற்றிக்கொண்டே வாழ்ந்த டயாலிசிஸ் நோயாளிகள் பலர் அத்தேவையிலிருந்து விடுபட்டனர்.

மிகுந்த சிவப்பணு மிகுந்த ஆக்சிஜனைச் சுமக்கும். ஆதலின் நெடுந்தொலைவுப் பந்தயங்களுக்குள்ளும் மருந்து நுழைந்தது. குருதி அளவுமீறித் தடித்தால் உறைகட்டி உயிருக்கே ஊறு நேரும். 1990இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதனைத் தடைசெய்தது; ஆனால் கண்டறியும் சோதனை இல்லை. 1997இல் சைக்கிள் பந்தயச் சம்மேளனம் ஆண் வீரர்களின் ஹீமட்டோகிரிட் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரையறுத்தது. அது உடல்நலக் காப்பேயன்றிக் குற்றச்சான்று அன்று. வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் வாய்ப்பும் இருந்தது. 1998ஆம் ஆண்டு டூர் தெ ஃபிரான்ஸில் ஃபெஸ்டினா அணியின் ஊழியரிடம் மருந்துக் குவியல் பிடிபட்டது. பிடித்தது சோதனைக்கூடம் அன்று, சுங்கத்துறை.

அளவைக் கொண்டு குற்றத்தை நிறுவ முடியாது என்பதற்கு ஈரோ மான்டிரன்டாவே சான்று. 1960களில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அப்பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் மீது அவருடைய மிகைச் சிவப்பணுக்களால் ஐயம் படிந்தது. எரித்ரோபொயட்டினை ஏற்கும் புரதத்தின் மரபணுவில், அவர் குடும்பத்தில் வழிவழியாக வரும் மாற்றமே காரணம் என 1993இல் தெளிந்தது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான சோதனை, ஆகவே, அளவைத் தேடவில்லை. உடல் சுரந்த மூலக்கூறும் ஆலையில் விளைந்த மூலக்கூறும் சர்க்கரைத் தொடர்களால் வேறுபடுவதைத் தேடியது. நோயாளிக்கு அந்த வேறுபாடு பொருட்டன்று. விளையாட்டு அறமோ அதன்மேல்தான் நின்றது.