அக்டோபர் 20: ஒரே தேதி, இரு நூல்கள்

நான் வாழும் வலியசாலையிலிருந்து கொல்லம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்நகரில் 1578 அக்டோபர் 20 அன்று ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. போர்த்துகீசியப் பாதிரியார் என்றிக்கே என்றீக்கசு தமிழாக்கிய கிறித்தவச் சமய நூல் அது, பதினாறே பக்கங்கள். 1554இல் லிசுபனில் அச்சான தமிழ் நூலில் மொழி தமிழாயினும் எழுத்து உரோமன். இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது கொல்லத்தில்தான்.

377 ஆண்டுகள் கழித்து, 1955இல் அதே அக்டோபர் 20 அன்று, டோல்கீனின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ இலண்டனில் வெளியாயிற்று. முதலிரு பகுதிகள் 1954இலேயே வெளிவந்துவிட்டன. மூன்றாம் பகுதி தாமதமானதற்கு அதன் பிற்சேர்க்கைகள் ஒரு முக்கியக் காரணம். டோல்கீன் கற்பனையில் ஆக்கிய மொழிகளையும் எழுத்து முறைகளையும் விளக்கும் பகுதிகள் அவற்றில் உண்டு. மொழியியல் பயின்றவருக்கு இந்தத் தேதி ஒற்றுமை உவகை தருவது இயல்பே. எனக்கும் தந்தது.

ஆனால் இரண்டும் ஒரே நாள்தானா? 1578இல் வழங்கியது சூலியன் நாட்காட்டி. 1582இல் கிரெகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தபோது அக்டோபர் 4ஐ அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. பத்துத் தேதிகள் நீங்கின. அக்கணக்கின்படி ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான நாள் அக்டோபர் 30. அந்நகரின் பெயரையே தாங்கிய கொல்லம் ஆண்டின்படி முதல் நூல் 754ஆம் ஆண்டு துலாம் மாதத்தின் பிற்பாதியிலும், இரண்டாம் நூல் 1131ஆம் ஆண்டு துலாத்தின் தொடக்கத்திலும் அமைகின்றன. மேலும், ஒன்று அச்சிட்ட நாள். மற்றொன்று விற்பனைக்கு வந்த நாள். ஆக, இரண்டும் பகிர்ந்துகொள்வது ஓர் எண்ணையும் ஒரு மாதப் பெயரையும் மட்டுமே.

அவ்வாறாயின் இந்தத் தேதிக்குப் பொருளே இல்லையா? உண்டு. ஓலைச்சுவடியில் ஏடெழுதுவோர் நாள் குறித்தாலும், அது அந்த ஒரு படியை எழுதி முடித்த நாளே. நூறு படிகளுக்கு நூறு நாள்கள் இருக்கலாம். நூலுக்கெனப் பொதுவானதொரு நாள் இராது. தொல்காப்பியத்துக்கோ குறளுக்கோ நாம் பிறந்தநாள் கொண்டாட இயலாமைக்கு அவற்றின் தொன்மை மட்டும் காரணமன்று. அச்சு வந்தபின்னரே எல்லாப் படிகளும் ஒரே நாளைத் தாங்கின. தமிழ் எழுத்தில் அவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்தது கொல்லத்துச் சிறுநூல்.

அத்தேதிக்குப் பின்னால் நெடிய உழைப்பும் இருந்தது. 1577இல் கோவாவில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன; மறு ஆண்டு கொல்லத்தில் மீண்டும் வார்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பில் மனுவேல் தெ சான் பேத்ரோ துணைநின்றார். இன்று அறியப்படும் ஒரே படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது.

எனவே நண்பர்களே, அக்டோபர் 20 அன்று வாழ்த்துப் பகிரும்போது தேதியோடு நின்றுவிடாதீர்கள். கொல்லத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நாட்காட்டி மாறினால் தேதி மாறும். தமிழெழுத்து முதன்முதலாக நூலாக அச்சேறிய ஊர் மாறாது.