கண்காணி, கடன், கூலி: மலையகத் தோட்டங்களில் வேதமும் அன்றாட வாழ்வும்

சமய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலயங்கள் எழுந்த ஆண்டுகளையும், குருமாரின் பெயர்களையும், மதம் மாறியோரின் தொகையையும் கொண்டே அதனை எழுதி வந்துள்ளனர். ஒரு சமயத்தின் சொற்கள், அவற்றைக் கேட்ட மக்களின் நாளாந்த வாழ்வில் எவ்வாறு பொருள் கொண்டன என்பது அதனின் வேறான வரலாறு. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வரலாறு தனிக்கவனத்துக்கு உரியது. தமிழ் வேதாகமத்தின் முக்கியமான சொற்கள் சில, தோட்டத் தொழிலாளியின் வாழ்வை ஆண்ட சொற்களாகவும் அங்கு அமைந்துவிட்டமையே இதற்குக் காரணமாகும். அச்சொற்களைத் துணையாகக் கொண்டு, அன்றாட வாழ்விலிருந்து விசுவாசப் பாடம் பெறும் முறை மலையகத்தில் எவ்வழிச் சென்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் வேரூன்றியபோது, தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தனர். பசியும் வாந்திபேதியும் அவ்வழியிற் பலரை மாய்த்தன. கோப்பி பருவப் பயிராதலால் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவோர் பலராயிருந்தனர். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாக வேண்டும். எனவே நுவரெலியா, அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தொழிலாளர் குடும்பங்களாக லயங்களில் நிலைகொண்டனர். தப்பொலி கேட்டு எழுவதும், பெரட்டுக் களத்தில் நிற்பதும், மலையிற் கொழுந்தெடுப்பதும், நிறுவையில் நிற்பதும், செக்ரோலிற் பேர் விழுவதுமாக அவர்தம் நாள் வகுக்கப்பட்டது.

இத்தகைய மக்களிடையே 1854ஆம் ஆண்டளவில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் திருச்சபை மிஷனரிச் சங்கத்தோடு தொடர்புடைய இம்முயற்சிக்குத் தோட்டத் துரைமாரே பெரும் பொருளுதவி செய்தனர். பணியாற்றிய உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் மலைநாட்டிற் பணியாற்றியது. கண்டி 1883ஆம் ஆண்டில் தனி ஆட்சிப்பகுதியாகவும், 1886ஆம் ஆண்டில் மறைமாவட்டமாகவும் அமைந்தது. எனினும் தோட்டத் தமிழருட் கிறிஸ்தவர் என்றும் சிறுபான்மையினரே. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்துமே லயங்களின் பொதுவான சமய வாழ்வாயிருந்தன.

நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டிலும், டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878ஆம் ஆண்டிலும் எழுந்தன. அவை துரைமாரின் வழிபாட்டுத் தேவையை ஒட்டி எழுந்தவை. உபதேசியாரோ லயத்து வாசலுக்கும் மலைக்கும் செல்ல வேண்டியவர். எழுத்தறிவு அருகியிருந்த மக்களுக்குப் போதிக்க அவருக்கு இருந்த தலையாய கருவி உவமை. விதைப்பு, வலை, புளித்த மா, காணாமற் போன ஆடு என இயேசுநாதரே உழைப்போரின் வாழ்விலிருந்து பொருள் எடுத்துப் பேசியவர் அல்லவா? ஆனால் உவமைக்கு ஓர் இயல்புண்டு. சொல்பவர் கருதிய பொருளோடு அது நின்றுவிடுவதில்லை. கேட்பவர் தம் வாழ்வையும் அதனுள் வைத்துப் பார்ப்பர். மலையகத்திலும் இதற்கு இடமிருந்தது.

முதலிற் 'கண்காணி' என்னும் சொல்லை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திற் சபையை மேற்பார்வை செய்வோரைக் குறிக்கும் 'எப்பிஸ்கொப்பொஸ்' என்னும் சொல், 'மேலிருந்து பார்ப்பவர்' எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் 'பிஷப்' என்பது இதன் திரிபே. புரட்டஸ்தாந்தரிடையே வழங்கிவரும் தமிழ் வேதாகமம் இதனைக் 'கண்காணி' என மிகப் பொருத்தமாகப் பெயர்த்துள்ளது. பேதுருவின் முதலாம் நிருபத்தில் ஆத்துமாக்களின் மேய்ப்பராகிய கிறிஸ்துவுக்கும் இச்சொல்லே வழங்குகின்றது. தோட்டத்திலோ கங்காணி என்பவர் ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்தவர். முன்பணம் கொடுத்துக் கடனிற் பிணித்தவர். தம் கீழுள்ளோர் வேலைக்குச் சென்ற நாளுக்கெல்லாம் தலைக்காசு பெற்றவர். பெரும்பாலும் உறவினராகவும் சாதித் தலைவராகவும் விளங்கியமையால், அவரிடம் ஆதரவும் இருந்தது, அடக்குமுறையும் இருந்தது. இத்தகைய சமுதாயத்தில் 'ஆத்துமாக்களின் கண்காணி' என்னும் தொடர் ஒலிக்கும்போது இரு பொருள் பிறக்க இடமுண்டு. ஆண்டவரும் நம்மைக் கணக்கெடுப்பவர் என அஞ்சுவது ஒன்று. ஆடுகளுக்காகத் தம் உயிரைக் கொடுப்பவரே கண்காணியாவார். ஆட்களின் உழைப்பில் தலைக்காசு பெறுபவர் அப்பெயருக்கு உரியவரல்லர் எனத் தெளிவது மற்றொன்று.

இச்சொல்லின் வரலாற்று முரண் ஒன்றும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1875ஆம் ஆண்டிற் கொழும்பு அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன், தம் மறைமாவட்டத்துள் நடைபெறும் பணி தம் ஆளுகைக்கு உட்பட வேண்டும் எனக் கொண்டார். மிஷனரிச் சங்கத்தாரும், பல்வேறு சபைகளைச் சார்ந்த துரைமாரும் இதனை ஏற்கவில்லை. 1876ஆம் ஆண்டில் அத்தியட்சர் மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களைத் திரும்பப் பெறுமளவுக்குப் பிணக்கு முற்றியது. தோட்டப் பணியை யார் கண்காணிப்பது என்பதே அதன் கருவாயிருந்தது. 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபைத் தலைவர்கள் தெரிவித்த கருத்தோடு அது தணிந்தது. கண்காணிப்புப் பற்றிய இப்பெரும் விவாதத்தில், கண்காணிக்கப்பட்ட தொழிலாளியின் குரலுக்கு இடமிருக்கவில்லை.

இரண்டாவது சொல் 'கடன்' என்பதாகும். மத்தேயு சுவிசேஷத்திற் காணப்படும் பரமண்டல ஜெபத்திற் பாவத்தைக் குறிக்கக் கடன் என்னும் சொல்லே தமிழில் வழங்குகின்றது. ஆங்கில ஜெபப் புத்தகம் அவ்விடத்து அத்துமீறல் எனப் பொருள்படும் சொல்லைக் கையாள, தமிழ் வேதாகமமோ மூலத்தை ஒட்டிக் கடன் என்றே நிறுத்தியது. இதனால் துரை தம் ஆலயத்தில் ஆங்கிலத்திற் சொன்ன அதே ஜெபம், தொழிலாளியின் செவியில் வேறொன்றாக ஒலித்திருக்கும். தொழிலாளி கடனோடுதான் தோட்டத்துக்கு வந்தான். வழிச்செலவும், அரிசியும், கம்பளியும் அவன் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லத் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கொடுத்தால் இவ்வாட்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய துரை அத்தொகையைக் கங்காணிக்குக் கொடுப்பார். அது மீண்டும் தொழிலாளியின் கடனாகும். ஆள் இடம் மாறினான், கடன் மாறவில்லை. இம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பெற்ற ஊழியன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன் ஊழியனின் தொண்டையைப் பிடித்து நெரித்த உவமையும் மத்தேயுவில் உண்டு. துரையிடம் கங்காணி கடன்பட்டிருக்க, கங்காணியிடம் தொழிலாளி கடன்பட்டிருந்த அமைப்பில் இவ்வுவமைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கடன் என்பதைப் பாவம் என்று மாத்திரம் விரித்தால் அது தனிமனித மனந்திரும்புதலோடு முடியும். அதைக் கடனாகவே கொண்டால், மீளாக் கடனில் மனிதரைப் பிணிக்கும் ஏற்பாடு இறைவனுக்கு ஏற்புடையதா என்னும் வினா எழும். துரைமாரின் நன்கொடையால் இயங்கிய ஒரு மிஷனில், உபதேசியார் இரண்டாவது விளக்கத்தை வாய்விட்டுரைப்பது எளிதன்று என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது சொல் 'கூலி'. தமிழில் அது உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. குடியேற்ற ஆட்சியின் ஆங்கிலம் அதனையே மனிதனுக்குப் பெயராக்கியது. மிஷனின் பெயரிலும் அதுவே நின்றது; பின்னாளில் அச்சொல் நீங்கித் 'தமிழ்த் திருச்சபை மிஷன்' என வழங்கலாயிற்று. வேதத்திலோ கூலி என்பது உழைப்போனின் உரிமை. வேலையாள் அதற்குத் தகுதியானவன் என இயேசு கூறினார். அறுவடை செய்தோரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதினார். திராட்சத் தோட்டத்து எசமான், பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுத்த உவமையை ஒரு கொழுந்துக்காரியின் நிலையிலிருந்து கேட்டுப் பாருங்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நேரந் தவறினாற் பெரட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்படுதல். இவற்றை அறிந்தவருக்கு அவ்வுவமை கிருபை பற்றிய கோட்பாடாக மாத்திரம் அமையாது. ஒரு நாளைக்குத் தேவையான உணவு எல்லோருக்கும் ஒன்றே என்னும் நீதியையும் அது உரைக்கும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927ஆம் ஆண்டில் வந்தது. 2021ஆம் ஆண்டிற் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரும், எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்னும் பிணக்கு ஓயவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அன்றாட வாழ்விலிருந்து எடுக்கும் பாடம் எப்போதும் நீதியை நோக்கியே செல்லுமா? செல்லாது. கவ்வாத்தை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாவிடில் அது மரமாக ஓங்கிவிடும்; கொழுந்து குன்றும். கனி தரும் கொடி மேலும் கனி தரும்படி தோட்டக்காரர் அதனைச் சுத்தம் செய்கிறார் என யோவான் கூறுவதற்கு இதைவிடப் பொருத்தமான மலையக விளக்கம் இல்லை. துன்பத்தில் தளர்ந்தவருக்கு அது மெய்யான ஆறுதல். ஆயினும் பசியும், பிணியும், ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடப்பதும் இறைவன் வெட்டிய கவ்வாத்தே எனப் போதித்தால், மனிதர் செய்த தீங்கு இறைவன் மேற் சுமத்தப்படுகின்றது. கத்தி யார் கையில் உள்ளது என்று கேளாத உவமை, அடிமைத்தனத்துக்குத் துணைபோகும். அன்றாட வாழ்விலிருந்து பாடம் தேடுவோர் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய சோதனை இதுவே.

தொழிலாளரின் நாளாந்தச் சொற்களை உரிமைக் குரலாக்கும் பணியைத் தொழிற்சங்கமே முதலில் வலுவாகச் செய்தது. 1931ஆம் ஆண்டில் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுக்களிற் பாடல் இயற்றிப் பாடினார். திருச்சபைகள் இத்திசையில் திரும்பியது பின்னரேயாகும். பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப் கார்டைன் 1925ஆம் ஆண்டில் நிறுவிய இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், வாழ்வைக் காண்க, வேதத்தின் ஒளியில் ஆய்க, பின் செயற்படுக என மூன்று படிகளை வகுத்தது. இலத்தீன் அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு மெடலின் நகரிற் கூடிய ஆயர் மாநாடு, வறியோரின் வாழ்வை இறையியலின் நடுவே வைத்தது. இலங்கையில் 1958ஆம் ஆண்டிற் கிறிஸ்தவத் தொழிலாளர் கூட்டுறவு இயக்கம் தோன்றியது. 1972ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியிற் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கினார். 1973-74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியபோது, 'எங்கள் அன்றாட உணவு' என்னும் வேண்டுதல் மலையகத்தில் உவமையாக அன்றி நேர்ப்பொருளாகவே நின்றது.

இறுதியாக ஒரு சொல்: 'பரதேசி'. விசுவாசிகள் இவ்வுலகில் அந்நியரும் பரதேசிகளும் ஆவர் என்பது வேதத்தின் ஒரு போதனை. பரதேசியைச் சுதேசியைப் போலவே நடத்துக என்பது லேவியராகமத்தின் கட்டளை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. முதற் போதனையை மாத்திரம் சொல்லி இரண்டாவதை மறைப்பது, வீடிழந்தவனுக்கு விண்ணுலக வீட்டைக் காட்டிவிட்டுச் செல்வது போலாகும்.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. இலங்கைத் தேசியக் கிறிஸ்தவ மன்றமும் அதிற் பங்குகொண்டது. பல சமயத்தோரும் சேர்ந்து நடந்த அப்பயணத்தின் கோரிக்கைகள் காணியும், வீடும், நியாயமான ஊதியமும், சமத்துவமும் ஆகும். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் துரைமாரின் உதவியோடு தொடங்கிய போதனை, துரைமாரின் கணக்கேட்டையே வேதத்தின் முன் வைத்துப் படிக்கும் நிலைக்கு வந்துள்ளது எனலாம். அன்றாட வாழ்வு வேதத்தை விளக்க உதவும் எடுத்துக்காட்டு மாத்திரமன்று. வேதம் விளக்கம் கேட்டு நிற்கும் வழக்கும் அதுவே. கண்காணி, கடன், கூலி என்னும் சொற்கள் மலையகத்தில் இன்னும் வழக்கொழியவில்லை. அவற்றை எவர் வாயிலிருந்து, எவர் நிலையில் நின்று கேட்பது என்பதே கற்றோர் முன்னுள்ள வினாவாகும்.